ஜெர்மனியில் அட்மிஷன் சுலபம், வீட்டுக்காரர் கையெழுத்துதான் கஷ்டம்

ஏபிஎஸ் (நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் சான்று), யூனி அசிஸ்ட் (பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அமைப்பு), விசா பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 18,000 ரூபாய் கட்டி ஏபிஎஸ் வாங்கியது, பிளாக்ட் அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், 11,904 யூரோ போட்டது எல்லாம் எனக்கும் வழக்கம்போலத்தான் நடந்தது. கிழக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர், அரசுப் பல்கலைக்கழகம், படிப்புக் கட்டணம் இல்லை, செமஸ்டர் தொகை மட்டும்தான். நான் எழுத வந்தது இறங்கின பிறகு நடந்ததைப் பற்றி. ஒரே ஒரு தாள் கையில் இல்லாததால் முதல் செமஸ்டரில் பாதி, அலுவலகம் அலுவலகமாக அலைந்தே போனது. இப்போது எல்லாம் முடிந்துவிட்டது, ஆனாலும் நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்தத் தாளின் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். 'இன்னார் இன்ன தேதியிலிருந்து இந்த வீட்டில் குடியிருக்கிறார்' என்று வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒரு பக்கப் படிவம், அவ்வளவுதான். அது இல்லாமல் அன்மெல்டுங் ஆகாது, அதாவது நகராட்சியில் முகவரியைப் பதிய முடியாது. குடிவந்த 2 வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பதியாவிட்டால் வரி எண் வராது, வெளிநாட்டினர் அலுவலகத்தில் தங்கும் அனுமதி விண்ணப்பம் நகராது, எங்கள் ஊரில் நான் போன வங்கியும் பதிவுச் சான்று கேட்டது. வங்கிக் கணக்கு இல்லையென்றால் பிளாக்ட் அக்கவுண்டிலிருந்து மாதாமாதம் வர வேண்டிய 992 யூரோ வராது. என் பணம்தான், என் பெயரில்தான் இருக்கிறது, தொட முடியவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த யூரோவில் வாடகையும், மாதம் 150 யூரோவை ஒட்டி வரும் மருத்துவக் காப்பீடும் போக மிச்சத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்தேன்.

மாணவர் விடுதியில் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்ததால், ஸ்பெயினுக்கு ஒரு செமஸ்டர் போயிருந்த ஒரு மாணவரின் அறையை உள்வாடகைக்கு எடுத்திருந்தேன். அறை நன்றாக இருந்தது, உடன் தங்கியவர்களும் நல்லவர்கள். சாவி வாங்கிய அன்றே கையெழுத்து கேட்டு எழுதினேன். மூன்று நாள் கழித்துப் பதில்: 'அதெல்லாம் முடியாது, தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர்கள் முகவரியில் பதிந்துகொள்.' இந்த யோசனையை உங்களிடமும் யாராவது சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். குடியிருக்காத வீட்டைப் பதிவுக்காக முகவரியாகக் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உதவி செய்யப் போய் நம் ஊர் சீனியர் ஒருவர் மாட்டிக்கொள்வார்.

சரி, வாடகை ஒப்பந்தம் இருக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கவுண்டரில் இருந்த அம்மா முதல் பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. ஒப்பந்தத்தை என் பக்கமாகவே திருப்பித் தள்ளிவிட்டு, "கட்டட உரிமையாளர் கையெழுத்து வேண்டும், அடுத்த டெர்மின் ஆன்லைனில் பாருங்கள்" என்றார். டெர்மின் என்றால் முன்பதிவு நேரம். அடுத்த டெர்மின் நவம்பர் நடுவில். ஒப்பந்தம் போதாது என்றது சரிதான். கட்டட உரிமையாளர்தான் போட வேண்டும் என்றது தவறு. உள்வாடகைக்கு விட்டிருந்தால், விட்ட முதல் குடியிருப்பாளரே வீடு கொடுத்தவர் ஆகிறார், அவரே கையெழுத்துப் போடலாம். இந்த ஒரு வரியை அன்றைக்கே அவர் சொல்லியிருந்தால் முகம் தெரியாத கட்டட உரிமையாளரைத் தேடி இத்தனை நாள் வீணாகியிருக்காது.

வழி காட்டியது மாணவர் நலச் சேவையின் இலவசச் சட்ட ஆலோசனை. செமஸ்டர் தொகையில் ஒரு பங்கு மாணவர் நலச் சேவைக்குத்தான் போகிறது, அதனால் கூச்சப்படாமல் போங்கள். அங்கே இருந்த வழக்கறிஞர் பதிவுச் சட்டத்தின் 19ஆம் பிரிவை அச்செடுத்துக் கொடுத்தார். வீடு கொடுத்தவர் இந்தச் சான்றைத் தந்தே ஆக வேண்டும், தராவிட்டால் 1,000 யூரோ வரை அபராதம். அதைவிட முக்கியமானது, சான்று கிடைக்காவிட்டால் குடியிருப்பவர் உடனே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே பிரிவில் இருக்கிறது. ஆகவே அன்று மாலையே அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டேன், குடிவந்த தேதியும் நான் கேட்டதும் அவர் மறுத்ததும் எழுத்தில் பதிவாயிற்று.

அறை கொடுத்த பையனுக்கும் எழுதினேன், மிரட்டலாக இல்லை. அவன் ஏன் பயந்தான் என்பதும் வழக்கறிஞர் சொல்லித்தான் புரிந்தது. உரிமையாளர் அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால் அவன் ஒப்பந்தமே போய்விடலாம். 'நான் அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், அதற்கு முன் நீ உரிமையாளரிடம் கேட்டுவிடு' என்றேன். கேட்டான், உரிமையாளர் ஒரு வரியில் சம்மதம் அனுப்பிவிட்டார்! படிவம் மறுநாளே வந்தது. ரத்தான டெர்மின்கள் எங்கள் ஊரில் காலை ஏழரைக்கு இணையத்தில் திறக்கும், அப்படி ஒன்றைப் பிடித்துப் போய் உட்கார்ந்தேன். அச்சுப்பொறியிலிருந்து பதிவுச் சான்று வர காபி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

இனி வரப்போகிறவர்கள் அறைக்குப் பணம் அனுப்பும் முன் இதை மட்டும் கேளுங்கள்: 'அன்மெல்டுங் செய்ய முடியுமா, படிவத்தில் கையெழுத்துப் போடுவீர்களா?' பதில் எழுத்தில் வர வேண்டும். மழுப்பினால் விட்டுவிடுங்கள், அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

வங்கி விஷயத்திலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2016 முதல் இங்கே அடிப்படைக் கணக்கு, பாஸிஸ்கோன்டோ, ஓர் உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் யாரும், நிலையான முகவரி இல்லாதவர் உட்பட, கேட்கலாம். அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதும் கவுண்டரில் பேச்சே மாறியது.

அப்புறம் நம் பெயர். இனிஷியல் வைத்துக்கொள்ளும் நம்மில் பலருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். காப்பீட்டு நிறுவனம் என் பெயரில் எழுதியது, வங்கி அப்பா பெயரில் எழுதியது. தபால் பெட்டியில் ஒட்டிய சீட்டில் என் பெயர் மட்டும் இருந்ததால் வங்கி அட்டை திரும்பிப் போய்விட்டது. பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் போட மாட்டார். அறை கொடுத்தவர் பெயருக்குக் கீழே உங்கள் பெயர், அப்பா பெயர் இரண்டையும் சேர்த்து முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

வெளிநாட்டினர் அலுவலகத்தில் இன்னொரு கூத்து. அவர்களே அனுப்பிய பட்டியலில் 'பயோமெட்ரிக் புகைப்படம் ஒன்று, அச்சில்' என்று இருந்தது. கொண்டுபோனால், 2025 மே மாதத்திலிருந்து டிஜிட்டல் படம் மட்டும்தான் என்று திருப்பினார்கள். நடைபாதையில் படம் எடுக்கும் இயந்திரம் இருக்கிறது, அதில் பழுது என்று சீட்டு. கடிதத்தை நீட்டி, உங்கள் பட்டியல்படிதான் கொண்டுவந்தேன், டெர்மினை விட மாட்டேன் என்று நின்றேன். பன்னிரண்டு மணிக்குள் வந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார் அதிகாரி. ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோவுக்கு ஓடி, டிஜிட்டல் படத்துக்கான க்யூஆர் கோடு வாங்கி வந்து கொடுத்தேன், வேலை முடிந்தது. தங்கும் அனுமதிக்குக் கட்டணம் 100 யூரோ.

விசா முடியும் தேதி நெருங்கியும் டெர்மின் வராவிட்டால் பதறாதீர்கள், ஆனால் முடிவதற்கு முன்பே விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். முன்பே கொடுத்திருந்தால் முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே கணக்கு, அதற்குச் சான்றாக ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் கேட்டு வாங்கலாம். ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

கடைசியாக, பதிவு ஆன சில வாரத்தில் ஒளிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போடாதீர்கள். மாதம் 18.36 யூரோ, ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. உடன் தங்கியிருப்பவர் ஏற்கனவே கட்டினால் அவர் கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போடுங்கள், போதும்.