மல்லிக்காரனோடு சீட்டாட்டம்

"மொத்தமும்!" என்று சொல்லி, என் மச்சினன் தன் முன்னால் இருந்த ராஜ்மா அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினான். தனக்கு விழுந்த இரண்டு சீட்டையும் அவன் அதுவரை புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. எதிரே இருந்த ஐந்து பேரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டோம். நடுவில் இருந்த மூன்று புளியங்கொட்டையை அள்ளிக்கொண்டு, ஏதோ கோட்டையைப் பிடித்தவன் மாதிரி சிரித்தான்.

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் நடக்கும் போக்கர் இது. டெக்ஸாஸ் ஹோல்டெம். கையில் இரண்டு சீட்டு, தரையில் முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. பக்கத்து வீட்டு பேங்க் சாரின் மகன் காலேஜ் லீவில் வந்தபோது கற்றுக்கொடுத்தான். நான் கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அதனால் சிப்ஸ் எல்லாம் கடைச் சரக்குதான். புளியங்கொட்டை 1, வெள்ளைக் கொண்டைக்கடலை 10, ராஜ்மா 50. முதல் வாரம் பொட்டுக்கடலை வைத்து ஆடினோம். பாதி ஆட்டத்தில் எல்லாருடைய சொத்தும் வயிற்றுக்குள் போய்விட்டது. காற்றில் சீட்டு பறக்காமல் இருக்க அரைக்கிலோ படிக்கல் ஒன்று.

காசு கிடையாது, அது என் மனைவியின் சட்டம். ரம்மி திறமை ஆட்டம் என்று 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரையும் அந்த வரிசையில் வைத்தது என்று பேங்க் சார் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "தீர்ப்பு கோர்ட்டுல இருக்கட்டும் சார், என் மாடியில காசு கிடையாது" என்று காபி டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். தோற்றவர் மற்ற எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான் பந்தயம்.

பந்தயம் சின்னதுதான், எரிச்சல் பெரிது. நாலு கைக்கு மூன்றில் ரெய்ஸ் பண்ணுகிறவனோடு, அதாவது பந்தயத்தை ஏற்றிவிடுகிறவனோடு, எப்படி ஆடுவது? ஆரம்பத்தில் நான் பதிலுக்குப் பதில் போனேன். ஒருநாள் கையில் ராஜா, ஜாக்கி. தரையில் எனக்கு ஒன்றுமே சேரவில்லை. அவன் 40 வைத்தான், நான் 120 என்றேன். பயந்து கவிழ்ப்பான் என்று கணக்கு. "சரி மாமா" என்று போட்டான். அடுத்த சீட்டுக்கு மிச்சத்தையும் தள்ளினேன். அதற்கும் "சரி மாமா." நாலாம் சீட்டில் ஒரு ஜோடியைக் காட்டினான். வெறும் நாலு! கவிழ்க்கவே தெரியாதவனை மிரட்டப் போனது என் புத்திதான். அன்றைக்குப் பருத்திப்பால் என் செலவு.

அதைச் சொன்னபோது மனைவி சிரித்தாள். "அவன் சின்ன வயசுலயே அப்படித்தான். நீங்க எகிறினா அவன் இன்னும் எகிறுவான். சும்மா இருந்தீங்கன்னா தானா விழுவான்."

அவன் ஏன் இப்படி ஆடுகிறான் என்று எனக்குப் புரிந்தது ஒருநாள் விடியற்காலை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அவனோடு போனபோதுதான். அங்கே அவனுக்குக் கமிஷன் கடை. மூட்டை வந்து இறங்கும்போது மல்லிக்கு ஒரு விலை, வெயில் ஏறும்போது ஒரு விலை. நாளைக்கு முகூர்த்தம் என்றால் இன்றைக்கு ஏறும், முகூர்த்தம் முடிந்தால் சரியும். மொட்டு விரிந்துவிட்டால் போச்சு, சாயங்காலத்துக்குள் போகாத பூ குப்பைக்குத்தான். யோசித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அங்கே பிழைப்பில்லை. என் தொழில் புளி. பங்குனி, சித்திரையில் வாங்கிக் கிடங்கில் போட்டால் ஐப்பசி வரைக்கும் விலைக்குக் காத்திருக்கலாம், கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான். அவன் மல்லியை விற்கிற மாதிரி சீட்டாடுகிறான். நான் மட்டும் எதற்காக அவனோடு சேர்ந்து மல்லி விற்கவேண்டும்?

நல்ல கை வரும்வரை காத்திரு என்பார்கள். அது பாதிதான் சரி. இரண்டு ஏஸ் கையில் வருவது 221 கைக்கு ஒரு முறை. மூன்று மணி நேரத்தில் நாங்கள் ஆடுவது சுமார் எண்பது கை. அப்படியென்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடவை. அதுவரை சுற்றுக்கு மூன்று புளியங்கொட்டை கட்டாயமாகக் கட்டிக் கட்டியே தேய்ந்துவிடுவேன்.

பேங்க் சாரின் மகன் சொன்ன ஒரு கணக்குதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. ஜோடியில்லாத இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு முதல் மூன்று சீட்டைப் பார்த்தால், ஏதாவது ஜோடி சேர்வது ஏறக்குறைய மூன்றுக்கு ஒரு முறைதான். மச்சினனோ மூன்று முறையும் பந்தயம் வைக்கிறான். அப்படியானால் இரண்டு முறை அவன் கையில் காற்றுதான்.

அடுத்த ஞாயிறு எனக்கு இரண்டு ஒன்பது வந்தது. அவன் வழக்கம்போல 12 என்றான், மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள். நான் ஏற்றவில்லை, 12 மட்டும் போட்டேன். தரையில் ராஜா, ஆறு, இரண்டு. அவன் 30. ராஜாவைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. பழைய நானாக இருந்தால் கவிழ்த்திருப்பேன், இல்லாவிட்டால் ரோஷத்தில் ஏற்றியிருப்பேன். 30 போட்டேன். அடுத்து நாலு. அவன் 60, நானும் 60. கடைசியில் ஜாக்கி விழுந்தது. கண்ணைச் சிமிட்டாமல் நாலு ராஜ்மாவைத் தள்ளினான், 200. கட்டாயமாகக் கட்டிய மூன்றையும் சேர்த்து நடுவில் ஏற்கெனவே 207 கிடக்கிறது. நான் 200 போட்டால் கிடைப்பது 407. மூன்றில் ஒரு முறை நான் ஜெயித்தாலே கைக்கடிப்பு இல்லை. கடையில் இதைவிட மோசமான சரக்கெல்லாம் வாங்கியிருக்கிறேன். எண்ணி வைத்தேன்.

ராணி, எட்டு. ஒன்றுமே இல்லை! "என்ன மாமா, ஒன்பதை வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் வந்தீங்க?" என்று உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். நான் எதுவுமே செய்யவில்லை, பந்தயம் முழுக்க அவன் வைத்ததுதான்.

அதிலிருந்து இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ஆட்டம் வலச்சுற்றாகப் போவதால் அவனுக்கு இடதுபக்கம் உட்கார்ந்தால் அவன் கத்திய பிறகு நான் பேசலாம். வலதுபக்கம் உட்கார்ந்தால் நான் இரண்டு வைத்ததும் அவன் இருபது என்பான், பார்த்துவிட்டு விலக வேண்டியதுதான். அதனால் அவன் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் என் தலையணையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். உட்கார்ந்த பிறகு அவன் இடதுபக்கம் போய்ப் போட்டுக்கொள்வேன்.

எல்லாம் தெரிந்தும் ஒருநாள் வசமாக வாங்கினேன். டாயில் பிரன்சன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1976-லும் 1977-லும் உலகப் போட்டியின் கடைசிக் கையைப் பத்தும் இரண்டும் வைத்து ஜெயித்தார். இதை மச்சினனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பத்தும் இரண்டும் வந்தால் அவனுக்குச் சாமி வந்த மாதிரி. என் கையில் இரண்டு ஏஸ், மூன்று வாரமாகக் காத்திருந்தது. அவன் "மொத்தமும்" என்றான். நான் வாய் திறக்கும் முன்பே கை ராஜ்மாவைத் தள்ளிவிட்டது. பத்து, இரண்டு. எட்டுக்கு ஒரு முறைதான் அவன் ஜெயிக்க முடியும். தரையில் முதலிலேயே ஒரு பத்து விழுந்தது, கடைசியில் ஒரு இரண்டு. அவனுக்கு இரண்டு ஜோடி, எனக்கு ஏஸ் ஜோடி மட்டும். அவன் எழுந்து ஆடியதில் படிக்கல் உருண்டு என் கால் விரலில் விழுந்தது. நான் ஆடியது சரி என்று பேங்க் சாரின் மகன் ஆறுதல் சொன்னான். விரல் வீக்கம் இறங்க இரண்டு நாள் ஆயிற்று.

போன ஞாயிறு மச்சினன் சீக்கிரமே வந்துவிட்டான். என் இடதுபக்கத் திட்டம் அவனுக்கு எப்படியோ தெரிந்துபோயிற்று. நான் தலையணையோடு வருவதற்குள் காபி கொண்டுவந்த என் மனைவியின் கையைப் பிடித்துத் தன் இடதுபக்கம் உட்காரவைத்தான். "அக்கா, இன்னிக்கு நீ ஆடு. மாமா அந்தப் பக்கம் போகட்டும்."

அவளுக்கு விதிமுறையை இரண்டு நிமிடம் சொன்னோம். முதல் கையிலேயே அவன் 50 என்று ஒரு ராஜ்மாவை வைத்தான். அவள் தன் சீட்டின் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தாள், முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள், ஒரு ராஜ்மாவை எடுத்து நடுவில் வைத்தாள்.

"அடுத்ததைப் போடுறா, பாப்போம்."