வீட்டை விற்பதற்குள் கதவு படுத்திய பாடு

கோலாலம்பூர் செந்தூலில் இருந்த எங்கள் கொண்டோ வீட்டை ஒருவழியாக விற்றுவிட்டோம். வக்கீல், பேங்க், கையெழுத்து எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வாங்கிப் பல வருஷம் ஆகிவிட்டதால், வீடு விற்ற லாபத்துக்குக் கட்டும் ஆர்.பி.ஜி.டி. வரியும் இல்லை, குடிமக்களுக்கு ஆறாவது வருஷத்திலிருந்து அது பூஜ்யம்தான். எங்கள் உயிரை எடுத்தது வாசல் கதவு. விற்கிற யோசனையில் இருப்பவர்கள், அதுவும் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள், இதைப் படித்துவிட்டு ஏஜென்ட்டைக் கூப்பிடுங்கள்.

ஆரம்பத்தில் வந்தவர்கள் எல்லாம் அரை மனசோடுதான் உள்ளே சுற்றினார்கள். பெயின்ட் புதுசு, கிச்சன் கேபினெட் புதுசு. இருந்தும் "யோசிச்சிட்டு சொல்றோம்" என்று கிளம்பிவிடுவார்கள். எங்கள் ஏஜென்ட் தம்பிதான் காரணத்தைப் பிடித்தார். "அண்ணே, நீங்க உள்ள இருந்து தெறக்கிறீங்க. அவங்களோட வெளிய நிக்கிறது நானு. எதப் பாக்கிறாங்கன்னு எனக்குத்தான் தெரியும்" என்றார்.

சரி என்று ஒருநாள் நானும் வெளியே நின்று பார்த்தேன். லிஃப்டை விட்டு வந்தால் காரிடார் விளக்கு எரியவில்லை. கிரில் பூட்டில் சாவியைப் போட்டு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் கதவு. கீல் தொய்ந்து தரையில் உரசுகிறது, தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் வழி விடும். நிலைக்கு மேலே கற்பூரப் புகைக் கறை, பொங்கலுக்குக் கட்டி சருகாகிப்போன மாவிலை. பக்கத்து வீட்டுச் செருப்பு அலமாரி வேறு எங்கள் வாசல்வரை நீண்டிருக்கிறது.

பார்க்க வருகிறவருக்கு அந்த ஒரு நிமிஷம் வேறு வேலை இல்லை, கதவைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வாசலே இப்படி என்றால் குழாயும் ஒயரிங்கும் எந்த லட்சணத்தில் இருக்குமோ என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடுகிறார். அந்தக் கணக்கோடு உள்ளே வருகிறவருக்குப் புதுக் கேபினெட்டைக் காட்டினால், எதை மறைக்க இதைப் போட்டார்கள் என்றுதான் தோன்றும்.

கதவையே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். மேனேஜ்மெண்ட் ஆபீஸில் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாரம் நிரப்பி டெபாசிட் கட்டினா போதும், அங்கிள்" என்றார். ஆயிரம் வெள்ளி கட்டினேன். நல்ல நியாத்தோ மரக் கதவுக்கு ஆர்டர் கொடுத்தேன். கதவு லாரியில் வந்து இறங்கிய அன்று செக்யூரிட்டி கார்டு கேட்டைத் திறக்க மறுத்துவிட்டார். காண்ட்ராக்டரின் அடையாள அட்டை நகல் இல்லையாம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சனிக்கிழமை ஒரு மணிக்கு மேல் ரெனோவேஷன் வேலை கூடாதாம். திங்கட்கிழமை மறுபடியும் லாரி கூலி கொடுத்துக் கொண்டுவந்தோம். அப்போதுதான் மேனேஜர் வெளியே வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஃபயர் டோர் இல்லையே" என்றார்.

அவர் சொன்னது சட்டப்படி சரிதான், அதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். மாடி வீடுகளில் காரிடாரைப் பார்த்த வாசல் கதவு தீ தாங்கும் கதவாக இருக்க வேண்டும். அரை மணி, ஒரு மணி என்று அதற்குக் கணக்கு உண்டு. 1984-ஆம் வருஷத்துக் கட்டட விதிகள் ஃபயர் டோர் தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கின்றன. ஒருவர் வீட்டில் தீப்பிடித்தால் மற்றவர்கள் படிக்கட்டைப் பிடிக்கும்வரை புகை காரிடாருக்கு வராமல் தடுப்பது அந்தக் கதவுதான். மூடிக்கொள்கிறது, எரிச்சலாக இருக்கிறது என்று நம்மில் பாதிப் பேர் கதவைத் தானாக மூட வைக்கும் டோர் குளோசரைக் கழற்றி வைத்திருப்போம். இவ்வளவையும் முதல்நாளே சொல்லியிருந்தால் என் காசு மிச்சம். கவுன்டரில் கேட்டதற்கு, "நீங்க மரக் கதவுன்னு சொல்லலையே" என்று பதில். பாரத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன், அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதனால் சொல்கிறேன்: வாயால் சொல்லும் அனுமதியை நம்பவே நம்பாதீர்கள். கதவின் வகை, நிறம், அளவு எல்லாம் எழுதி, அவர்கள் சாப்பா, அதாவது முத்திரை, குத்திக் கொடுத்த பிறகு கடைக்குப் போங்கள். டிஜிட்டல் பூட்டுக்கும் இதே கதைதான். ஃபயர் டோரில் இஷ்டத்துக்கு ஓட்டை போட்டால் அது தாங்க வேண்டிய நேரத்தைத் தாங்காது.

நியாத்தோ கதவு சுங்கை பூலோவில் மாமாவின் தரை வீட்டுக்குப் போனது. பாதி விலைதான் தந்தார், அதுவும் உறவுக்காக.

கடைசியில் பழைய கதவையே சரிசெய்தோம். கீல்களை மாற்றி, அதே நிறத்தில் பெயின்ட் அடித்து, குளோசரைத் திரும்பப் பூட்டினோம். குளோசரின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும், அதைத் திருப்பினால் கதவு படாரென்று அறையாமல் மெதுவாக மூடும். பூட்டைப் புதிதாகப் போட்டோம். ஆட்கள் வருவதற்கு முன்பே கிரில்லைத் திறந்து வைத்துவிட்டோம். மொத்தச் செலவு லாரி கூலியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். விளக்குக்கு மட்டும் மேனேஜ்மெண்ட் அசையவே இல்லை. காரிடார் பொது இடம், நாம் கை வைக்கக் கூடாது என்பார்கள், அவர்களும் வைக்கமாட்டார்கள். புகார் புத்தகத்தில் எழுதி, பக்கத்தைப் படமெடுத்து மேனேஜருக்கே அனுப்பிய பிறகுதான் ஆள் வந்தார். அலமாரி விஷயத்தில் அக்கம்பக்கத்தோடு சண்டை வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன், நகர்த்திவிட்டார்கள். அடுக்குமாடிக்கு உள்ள ஸ்ட்ராட்டா துணைவிதியை மீறினால் 200 வெள்ளிவரை அபராதம் போடலாம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

தோரணத்தில்தான் வீட்டுக்குள்ளேயே தகராறு. எல்லா இனத்தவரும் வருவார்கள், வாசலில் எதுவுமே வேண்டாம் என்றார் ஏஜென்ட். "விக்கிற வீடா இருந்தாலும் நிலைவாசல் மொட்டையா இருக்கக் கூடாதுடா" என்றார் அம்மா. நான் அம்மா பக்கம்தான் நின்றேன். ஆட்கள் வருகிற நாளில் பச்சை மாவிலை கட்டினோம், எந்த இனத்தவரும் முகம் சுளிக்கவில்லை. முதலில் வந்தவர்களை உறுத்தியது சருகும் கறையும்தான் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, கதவு எந்தத் திசை, லிஃப்டுக்கு நேரா இல்லையா என்பதை விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். ஒரு சீனக் குடும்பத்துப் பாட்டி போனில் திசைகாட்டியை வைத்துப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனார். நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. கிள்ளானிலிருந்து ட்ராஃபிக்கில் வந்த ஒரு குடும்பம், "தெற்கு பார்த்த வாசலா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பியது. அதை எந்தப் பெயின்ட்டும் மாற்றாது.

வாங்கியவர் ஒரு ஆசிரியை, தன் அப்பாவோடு வந்தார். பெரியவர் உள்ளே வருவதற்கு முன் கதவைத் திறந்து விட்டுப் பார்த்தார், அது தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்து விட்டார். "குளோசர் இருக்கே, பரவால்லை" என்றார். விலை பேசும்போது ஐயாயிரம் குறைக்கச் சொன்னார்கள், நாங்கள் இரண்டாயிரத்தில் நின்றோம். முன்பு வந்தவர்கள் கேட்ட தள்ளுபடியோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

ரெனோவேஷன் டெபாசிட் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. அக்கவுண்ட்ஸ் ஆள் லீவு என்கிறார்கள். அசல் ரசீதைக் கேட்டார்கள், நகல்தான் கொடுத்தேன்.