கட்டடத்துக் கல்வெட்டை நம்பாதீர்கள், உறுதியைத் தேடுங்கள்

"இந்தக் கட்டடத்தை ஆரோ எழுதி வைச்சவையாம்" என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கம்பஸ் பக்கம் அடிக்கடி காதில் விழும். எழுதி வைத்தது நன்கொடை உறுதியா (சொத்தைக் கைமாற்றும் பத்திரம்), தருமசாதனமா (அறக்கட்டளைப் பத்திரம்), மரணசாசனமா (உயில்) என்று கேட்டால் பதில் வராது. தேடவேண்டிய இடமே அதைப் பொறுத்துத்தான்.

அந்தக் கம்பஸின், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வளாகத்தையே எடுங்கள். 1974 இல் அது தொடங்கியது பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில். கல்லூரியை சேர் பொன். இராமநாதன் நிறுவியது 1921 இல். அவர் காலமானது 1930 இல். ஆகவே தொடக்க காலக் கட்டடங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது அவர் உயிரோடிருக்கையில் எழுதிய உறுதிகளைத்தான்.

உறுதி என்றால் காணிப் பதிவகம். நொத்தாரிசு (பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் சட்ட அலுவலர்) தான் நிறைவேற்றிய உறுதிகளின் இரட்டைப்பிரதியை மாதாமாதம் அங்கே அனுப்ப வேண்டும் என்பது சட்டம். வீட்டுப் பெட்டகத்தில் மூலம் செல்லரித்துப் போனாலும் அங்கே ஒன்று இருக்க வாய்ப்புண்டு. மரணசாசனம் என்றால் மாவட்ட நீதிமன்றம்: அதை நிறைவேற்றப் பொறுப்பேற்ற நிறைவேற்றுநர் சான்றுறுதிக்கு (நீதிமன்ற ஏற்புக்கு) மனுச் செய்த வழக்குக் கோவையில் மரணசாசனம், சொத்துவிபரம் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். மரணசாசனத்துக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் கேட்பது இதுதான். ஒப்பங்களை எண்ணிப் பாருங்கள்.

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது பெயரில். காணிப் பதிவேட்டில் கட்டடத்தின் பெயர் இராது. காணிப் பெயர், பரப்பு, நான்கு எல்லை, அவ்வளவுதான். பரப்பு என்பது யாழ்ப்பாணத்து நில அளவும்தான்: 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆங்கிலப் பிரதியில் ஏக்கர், பேர்ச் என்று இருந்தால் மாற்றிப் பொருத்துங்கள் (ஒரு பரப்புக்கு 10 பேர்ச்). எல்லையில் "கிழக்கு: ஒழுங்கை" என்றிருக்கும், இன்று அது தார் றோட்டு. காணி பிரிந்திருந்தால் பக்கத்தின் அடியில் அடுத்த தொகுதி, பக்க எண்கள் குறித்திருக்கும். அதைக் கவனிக்காமல் "பதிவில்லை" என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

கொடை வாசகத்தில் தொகையைவிட நிபந்தனையைப் படியுங்கள். கட்டுவதற்குப் பணம் எழுதியவர் பராமரிப்புக்கு வயல் வருமானமோ கடை வாடகையோ ஒதுக்கினாரா? ஒதுக்காத இடங்களில்தான் கூரை ஒழுகும். பொறுப்பாளர் இறந்தால் அடுத்தவரை நியமிப்பது யார் என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால் நீதிமன்றம் ஏறும் தருமசாதனங்களுக்கு யாழ்ப்பாணத்தில் குறைவில்லை.