வில்லுப்பாட்டு வீடியோவில் காணாமல் போன சத்தம்

சித்திரையில் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைக்கு மூன்று நாள் வில்லுப்பாட்டு. குழுவில் குடம் அடிப்பவர் என் பெரியப்பா. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இந்த முறை ஒன்றுவிடாமல் பதிவு செய்துவிட வேண்டும் என்று கேமராவோடு உட்கார்ந்துவிட்டேன். மைக் செட்காரரின் மிக்ஸரிலிருந்து ஒரு கேபிளை இழுத்து நேராகக் கேமராவின் மைக் துளையில் செருகினேன். ஹெட்போனில் புலவர் குரல், உடுக்கை, ஜால்ரா எல்லாமே கேட்டன.

ஷாட்கட் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் வெட்டி ஒட்டி, முதல் பத்து நிமிடத்தை எக்ஸ்போர்ட் செய்து பெரியப்பாவுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"ஏலே, படம் ஓடுது, சத்தத்தக் காணோமே!"

எனக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. எக்ஸ்போர்ட் அமைப்பில்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு ராத்திரி அதிலேயே கிடந்தேன். ஒலியின் ஃபார்மட்டை ஏஏசியிலிருந்து எம்பி3 ஆக்கினேன், சாம்பிள் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பதை, 48000 ஹெர்ட்ஸிலிருந்து 44100 ஆக்கினேன். ஒன்றும் மாறவில்லை. அவர் போனில் ஒரே ஸ்பீக்கர்தானே, சரி, மோனோவாகவே, அதாவது இடது வலது இரண்டையும் கூட்டி ஒரே சேனலாகவே கொடுத்துப் பார்ப்போம் என்று சேனலை 2-இலிருந்து 1-க்கு மாற்றினேன். இப்போது என் ஹெட்போனிலும் சத்தம் போய்விட்டது. அப்போதுதான் பிடி கிடைத்தது.

ஒலியை மட்டும் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்து, அலை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினேன். இடது சேனலில் கோடு ஏறும் இடத்திலெல்லாம் வலதில் அதே அளவு இறங்குகிறது. குளத்தங்கரைப் பனையும் தண்ணீரில் தெரியும் அதன் நிழலும் மாதிரி.

மிக்ஸரின் பேலன்ஸ்டு அவுட்டில் ஒரே ஒலிதான் இரண்டு கம்பிகளில் வருகிறது, ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சலைக் கழித்துவிடத்தான் அந்த ஏற்பாடு. நான் செருகிய கேபிள் அந்த இரண்டையும் இடது, வலது என்று கேமராவிடம் கொடுத்துவிட்டது. ஹெட்போனில் ஒரு காதுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போவதால் கேட்கும். ஒரே ஸ்பீக்கரில் இரண்டையும் கூட்டினால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். முதல் நாளே ஹெட்போனில் குரல் நடுவில் நிற்காமல், தலையைச் சுற்றி மிதக்கிற மாதிரி இருந்தது. அதைக் கவனிக்காமல் விட்டதுதான் என் தவறு.

தீர்வு ஒரே நிமிட வேலை. ஷாட்கட்டின் ஃபில்டர்களில் காப்பி சேனல் என்று ஒன்று இருக்கிறது. இடது சேனலை அப்படியே வலதுக்கும் போட்டுவிட்டேன்.

அப்புறம் பிட்ரேட், அதாவது ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு டேட்டா என்ற கணக்கு. ஃபைல் சின்னதாக இருக்கட்டும் என்று 96 கிலோபிட் வைத்திருந்தேன். குரலுக்கு அது பரவாயில்லை, ஜால்ராவைத்தான் கெடுத்துவிட்டது. ஜால்ரா தட்டினால் முதலில் 'ணிங்' என்று கூர்மையாக எழுந்து, பிறகு நீண்டு தேய வேண்டும். எனக்குக் கேட்டதோ ஈரத் துணியை உதறுகிற மாதிரி ஒரு 'ஷ்ஷ்'. வில்லின் நாணில் அடிக்கும் வீசுகோல் படும்போது வில்லில் குலுங்கும் மணிகளுக்கும் அதே கதி. இப்படிக் குறைத்து எதை மிச்சம் பிடிக்கிறோம் என்று கணக்குப் போட்டேன். 384 கிலோபிட் வைத்தாலும் நிமிடத்துக்கு 3 எம்பிக்கும் குறைவு. படத்துக்கு நான் வைத்திருந்த 8 மெகாபிட்டோ நிமிடத்துக்கு 60 எம்பி. வில்லுப்பாட்டில் கேட்க வந்ததே பாட்டு; அதில் போய் சிக்கனம் பிடிப்பானேன்? யூடியூபும் ஸ்டீரியோவுக்கு 384-ஐத்தான் பரிந்துரைக்கிறது. ஏஏசி, 48000, 384 என்று வைத்துவிட்டேன். கேமராவே 48000-இல்தான் பதிவு செய்கிறது, அதை மாற்ற வேண்டிய காரணமே இல்லை.

ஒலி அளவை மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதற்கான அலகு) அருகில் நிறுத்தினேன். யூடியூபில் அதற்கு மேல் போனால் அவர்களே குறைத்துவிடுகிறார்கள்.

மறுபடி அனுப்பிய அன்று நானே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து போனைக் காதோடு வைத்துக் கேட்டார். குடத்தின் வாயில் அடிக்கும் பத்தை என்ற தட்டை விழும் 'தொம்' அந்தச் சின்ன ஸ்பீக்கரில் முழுதாக வரவில்லை. ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார், வலது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது.

மீதி இரண்டு இரவுகளும் அதே கேபிளில் பதிவானவைதான். அவற்றுக்கும் காப்பி சேனல் போட்டு, ஒரு நிமிடத் துண்டை மட்டும் முதலில் மோனோவில் எக்ஸ்போர்ட் செய்து பார்த்துவிட்டுத்தான் முழுதையும் ஓடவிடுகிறேன்.