புள்ளிக்குப் பதில் ஐகான்: ஸ்வைப் திரைகளுக்குப் பக்கக் குறி வைப்பது

அறிமுகத் திரைகளுக்கு அடியில் வரும் மூன்று நான்கு புள்ளிகள், எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறோம் என்பதை மட்டும் சொல்லும். அங்கே அது போதும். முகப்பு, தேடல், அறிவிப்புகள், அமைப்புகள் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி வேலை இருந்தால் புள்ளி போதாது. அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும்.

பெயரையே எழுதிவிடலாமே என்றால், தமிழ் இடைமுகத்தில் இடம் பற்றாது. 360 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) அகலத் திரையில் நான்கு டேப் வைத்தால் ஒன்றுக்கு 90 டிபி கிடைக்கும். ஆண்ட்ராய்டில் டேப் வரிசையை வரையும் டேப்லேஅவுட் இரு பக்கமும் 12 டிபி இடைவெளி விடுவதால் மிஞ்சுவது 66. 14 எஸ்பி (எழுத்தளவு அலகு) எழுத்தில் ‘அறிவிப்புகள்’ அதற்குள் அடங்காது. மடிந்து இரண்டு வரியாகும், இல்லை வெட்டுப்படும். பயனர் எழுத்தளவைக் கூட்டி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஐகானுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஐந்து பக்கம் வரை ஐகான் சரிப்படும். அதற்கு மேல் போனால் எது எதைக் குறிக்கிறது என்று யாருக்கும் நினைவில் நிற்காது.

ஆண்ட்ராய்டில் இதைத் தேடினால் ஜேக் வார்ட்டன் என்ற நிரலாளர் எழுதிய வியூபேஜர்இண்டிகேட்டர் நூலகம் இன்றும் கண்ணில் படும். அதில் ஐகான்பேஜ்இண்டிகேட்டர் என்றே ஒரு பகுதி உண்டு: பக்கங்களைத் தரும் அடாப்டரில் ஐகான்பேஜர்அடாப்டர் இன்டர்ஃபேஸைச் சேர்த்து, எந்தப் பக்கத்துக்கு எந்த ஐகான், மொத்தம் எத்தனை என்று இரண்டு மெத்தட் எழுதினால் முடிந்தது. நல்ல வேலைதான், ஆனால் பக்கங்களைத் தள்ளிக் காட்டும் பழைய வியூபேஜர் வகுப்புக்கானது. வியூபேஜர்2 அந்த வகுப்பின் வாரிசு அல்ல. பட்டியல் காட்டும் ரிசைக்ளர்வியூ மேல் கட்டிய தனி வகுப்பு. அதனால் இரண்டும் ஒட்டாது. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வியூபேஜர்2-இன் 1.0.0 பதிப்பு 2019 நவம்பரில் வந்தது. அதோடு கூகுளின் மெட்டீரியல் நூலகத்தின் டேப்லேஅவுட்டையும், அதைப் பேஜரோடு இணைக்கும் டேப்லேஅவுட்மீடியேட்டரையும் சேர்த்தாலே பெரும்பாலான தேவைகள் முடிந்துவிடும். முதலில் பேஜருக்கு அடாப்டரைக் கொடுங்கள். பிறகு மீடியேட்டரை உருவாக்கி, ஒவ்வொரு டேபுக்கும் அது அழைக்கும் கால்பேக்குக்குள் அந்தந்த இடத்துக்கான ஐகானையும், திரைவாசிப்பானுக்கான விளக்கமான கன்டென்ட் டிஸ்கிரிப்ஷனையும் வையுங்கள். கடைசியில் அட்டாச். வரிசை மாறி அடாப்டருக்கு முன்பே அட்டாச் செய்தால் செயலி அந்த இடத்திலேயே விழும். ஒரே மீடியேட்டரை இரண்டு முறை அட்டாச் செய்தாலும் அதே கதிதான்.

பலர் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. கால்பேக்கைக் காலியாக விட்டு, அட்டாச் முடிந்த பிறகு ஒரு லூப் போட்டு ஒவ்வொரு டேபுக்கும் ஐகான் வைப்பார்கள். முதலில் சரியாகத்தான் தெரியும். அடாப்டரில் தரவு மாறியதும் மீடியேட்டர் எல்லா டேபையும் நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கும். லூப் வைத்த ஐகான் அத்தனையும் போய்விடும். சோதனையில் தரவு மாறாது, பயனர் கையில் மாறும் என்பதால் இந்தப் பிழை தாமதமாகத்தான் வெளியே வரும். அறிவிப்பு எண்ணிக்கையைக் காட்டும் பேட்ஜுக்கும் இதே விதி. மறுபடி உருவாகும்போது திரும்ப வரவேண்டிய எதையும் கால்பேக்குக்குள்தான் வைக்க வேண்டும்.

தேர்ந்த ஐகான் தனியாகத் தெரிய நிலைக்கேற்ற படத்தைச் சொல்லும் ஒரு செலக்டர் கோப்பு போதும். ஸ்டேட்_செலக்டட் உள்ள வரி மேலே, நிபந்தனை இல்லாத வரி கீழே. ஆண்ட்ராய்டு மேலிருந்து படித்து, பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். பொது வரியை மேலே வைத்தால் ஐகான் ஒருநாளும் மாறாது. கீழ்ப்பட்டையான பாட்டம் நேவிகேஷனுக்கு எழுதிய செலக்டரை அப்படியே எடுத்து வந்தாலும் மாறாது: அங்கே ஸ்டேட்_செக்டு, இங்கே ஸ்டேட்_செலக்டட். வண்ண ஐகான் போட்டது ஒற்றை நிற நிழலாகத் தெரிந்தால் ஐகானுக்கு நிறம் பூசும் டேப்ஐகான்டிண்ட்தான் காரணம். அதற்கு நல் (null) கொடுங்கள்.

நிறத்தை மட்டும் நம்பாமல், தேர்ந்ததற்கு நிரப்பிய வடிவம், மற்றவற்றுக்குக் கோட்டு வடிவம் என்று வைப்பது என் விருப்பம். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் வெயிலில் போனைப் பார்ப்பவர்களுக்கும் இது உதவும். இரண்டு வெக்டார் படங்களுக்கும் வியூபோர்ட் (வரையும் கட்டத்தின் அளவு) 24-க்கு 24 என்று ஒன்றாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் தேர்வு மாறும்போது ஐகான் லேசாகத் துள்ளும்.

தேராத ஐகானை மங்கலாக்குவதில் ஒரு கணக்கு உண்டு. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு ஐகானுக்கு ஆல்ஃபா (ஒளிபுகாமை) 0.4 வைத்தால் பின்னணியோடு வேறுபாட்டு விகிதம் 2.85-க்கு 1. அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1 வரைகலைக் குறிகளுக்குக் கேட்பது குறைந்தது 3-க்கு 1. 0.5 வைத்தால் 3.9-க்குப் பக்கத்தில் வந்து தேறிவிடும். வடிவமைப்பாளர் ‘இன்னும் கொஞ்சம் மென்மையாக’ என்று கேட்டால் இந்த எண்ணைக் காட்டலாம்.

விரல் நகர நகர ஐகானும் படிப்படியாக மாற வேண்டுமென்றால் டேப்லேஅவுட் உதவாது. லீனியர்லேஅவுட்டில் இமேஜ்வியூக்களை அடுக்கி நாமே செய்ய வேண்டும். படம் 24 டிபி, நாலாபுறமும் 12 டிபி பேடிங். தொடும் இடம் 48 டிபி ஆகிவிடும். அப்புறம் பேஜரில் ஒரு ஆன்பேஜ்சேஞ்ச்கால்பேக் பதிவு செய்து, நகர்வைச் சொல்லும் ஆன்பேஜ்ஸ்க்ரோல்டைக் கேட்க வேண்டும்.

அது தரும் பொசிஷனை ‘இப்போதைய பக்கம்’ என்று எடுத்துக்கொண்டால் குழப்பம்தான். திரையில் தெரியும் இரண்டு பக்கங்களில் முன்னால் இருப்பதன் எண் அது. 2-ஆம் எண் பக்கத்திலிருந்து 1-க்குத் திரும்பும்போது பொசிஷன் உடனே 1 ஆகிவிடும். கூடவே வரும் ஆஃப்செட் (பக்கம் நகர்ந்த பின்னம்) ஏறத்தாழ 1-இல் தொடங்கி 0 வரை இறங்கும். ஆகவே திசையைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். பொசிஷன் ஐகானுக்கு 1 கழித்தல் ஆஃப்செட், அடுத்த ஐகானுக்கு ஆஃப்செட், மீதிக்கு 0. இந்த எடையை 0.5 முதல் 1 வரையான ஆல்ஃபாவாக மாற்றினால் இரண்டு திசையிலும் சரியாக ஓடும். கடைசிப் பக்கத்தில் ‘அடுத்த ஐகான்’ கிடையாது. சோதிக்காமல் பட்டியலில் கைவைத்தால் செயலி விழும்.

ஐகானைத் தட்டினால் பேஜரின் கரன்ட்ஐட்டத்தை (நடப்புப் பக்க எண்) மட்டும் மாற்றுங்கள். ஐகானின் நிறத்தைத் தட்டல் நடக்கும் இடத்தில் தொடவே கூடாது. பேஜர் நகரும், நகர்ந்ததைக் கால்பேக் சொல்லும், அதைக் கேட்டு ஐகான் மாறும். இரண்டு இடத்திலிருந்தும் நிறத்தை மாற்றினால், தட்டிய கையோடு ஸ்வைப் செய்பவரிடம் இரண்டு ஐகான் ஒன்றாக ஒளிரும். திரையைத் திருப்பினால் பேஜர் தன் பக்கத்தைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும். கையால் கட்டிய குறிக்கு அந்த நினைவு இல்லை. அமைக்கும்போதே கரன்ட்ஐட்டத்தை ஒருமுறை படித்து வரைந்துவிடுங்கள். ஃப்ராக்மென்டுக்குள் இருந்தால் ஆன்டெஸ்ட்ராய்வியூவில் கால்பேக்கின் பதிவை நீக்க மறக்க வேண்டாம்.

ஆண்ட்ராய்டின் புதிய இடைமுகக் கருவியான ஜெட்பேக் கம்போஸில் இந்த வேலைக்கு ஹரிசான்டல்பேஜர் இருக்கிறது. கரன்ட்பேஜ் பாதி தூரத்திலேயே மாறிவிடும். ஆஃப்செட் பின்னம் -0.5-க்கும் 0.5-க்கும் நடுவே ஓடி, மாறும் கணத்தில் கூட்டல்-கழித்தல் குறி புரளும். பின்னத்தை மட்டும் பார்த்து வரைந்தால் நடுவில் ஒரு வெட்டு தெரிவது இதனால்தான். கரன்ட்பேஜையும் பின்னத்தையும் கூட்டி, ஐகானின் எண்ணைக் கழித்து, குறியை விட்டுவிட்டு, 1-இலிருந்து கழியுங்கள். வருவதே அந்த ஐகானின் எடை, எதிர்மறையாக வந்தால் 0. இந்தக் கணக்கை கிராஃபிக்ஸ்லேயரின் லாம்ப்டாவுக்குள் போட வேண்டும். வெளியே படித்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ரீகம்போசிஷன் (இடைமுகத்தை மறுபடி கட்டுவது) நடக்கும். விலை குறைந்த போனில் திக்கும்.

எழுத்து இல்லாத ஐகானுக்கு, திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் படிப்பது கன்டென்ட் டிஸ்கிரிப்ஷனைத்தான். ‘மணி ஐகான்’ என்று எழுதாமல் ‘அறிவிப்புகள்’ என்று எழுதுங்கள். ஆண்ட்ராய்டு 7 முதல், டேபை அழுத்திப் பிடித்தால் மேலே எழும் சிறு குறிப்பிலும் இந்தச் சொல்லே வரும்.

ஐஓஎஸ்ஸில் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஐஓஎஸ் 14 முதல், பக்கப் புள்ளிகளை வரையும் யூஐபேஜ்கன்ட்ரோலில் பக்கத்துக்கொரு படம் வைக்கலாம். படத்தின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அது தன் டிண்ட் நிறத்தைப் பூசும் என்பதால் வண்ணப் படம் கொடுத்துப் பயனில்லை. நடப்புப் பக்கத்துக்கு நிரப்பிய வடிவம், மற்றதற்குக் கோட்டு வடிவம் என்று தனித்தனிப் படம் வைக்கும் வசதி ஐஓஎஸ் 16-இல்தான் வந்தது. 15-ஐயும் தாங்க வேண்டிய செயலியில் நிறத்தை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும்.