நிக்ஸி கடிகாரம்: நான்கு குழாய், ஒரு சுடுகிற டையோடு

ஐஎன்-12 என்ற நிக்ஸி குழாய்கள், அதாவது இலக்கங்களை ஒளிரவைத்துக் காட்டும் கண்ணாடிக் குழாய்கள், நான்கு என் கைக்கு வந்து ரொம்ப நாளாகிவிட்டது. பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்திருந்தேன். அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன், 170 வோல்ட் வேண்டும் என்பது நினைவுக்கு வரும், மூடிவிடுவேன். போன மாதம்தான் துணிந்து இறங்கினேன்.

இந்தக் குழாயில் சூடாகிற இழை எதுவும் கிடையாது. 0 முதல் 9 வரை இலக்க வடிவில் வெட்டிய பத்து கேத்தோடுகள் (எதிர்மின்வாய்கள்) ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும், முன்னால் வலை மாதிரி ஒரு ஆனோடு (நேர்மின்வாய்), சுற்றிலும் நியான். எந்தக் கேத்தோடைக் கிரவுண்டில் இணைக்கிறோமோ அதை ஒட்டிய வாயு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். பரோஸ் நிறுவனம் 1955இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சங்கதி இது. என்னிடம் இருப்பவை பிற்காலச் சோவியத் தயாரிப்பு. இவற்றில் 5 என்பது தலைகீழாகத் திருப்பிய 2. தனி அச்சு வெட்டும் செலவை மிச்சம் பிடித்திருப்பார்கள் போல. ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

முதல் வேலை 12 வோல்ட்டை 180 ஆக்குவது. மின்னழுத்தத்தை மாற்றும் எம்சி34063 ஐசி, 100 மைக்ரோஹென்றி காயில், வேகமான சுவிட்சாக ஐஆர்எஃப்740 மாஸ்ஃபெட், மின்னோட்டத்தை ஒரே பக்கம் விட ஒரு டையோடு, 4.7 மைக்ரோஃபாரட் 400 வோல்ட் கெபாசிட்டர். ஐசியின் உள்ளே இருக்கும் ஒப்பீட்டு மின்னழுத்தம் 1.25 வோல்ட். அதனால் 680 கிலோஓம், 4.7 கிலோஓம் ரெசிஸ்டர்களை மின்னழுத்தப் பிரிப்பானாகப் போட்டால் கணக்குப்படி 182 வோல்ட் வர வேண்டும். பிரெட்போர்டில் (சோல்டர் இல்லாமல் செருகும் பலகை) செய்யாதே என்று எல்லோரும் எச்சரிக்கும் வேலை இது. நானும் பிரெட்போர்டில்தான் செய்தேன். மல்டிமீட்டர் 90க்கும் 160க்கும் நடுவில் ஊஞ்சல் ஆடியது. எல்லாவற்றையும் பிடுங்கி, கால்களைக் குட்டையாக வெட்டி, துளைப்பலகையில் நெருக்கமாகச் சோல்டர் செய்த பிறகு 181 வந்தது. குழாய் எதையும் இணைக்காமல்.

ஒரு குழாயை இணைத்தேன், சரி. நான்கையும் இணைத்ததும் 145க்கு இறங்கி, இலக்கங்கள் துடிக்க ஆரம்பித்தன. மாஸ்ஃபெட்டில் விரல் வைக்க முடியவில்லை. இதற்கு ஒரு மாலைப் பொழுது முழுக்கப் போனது. அந்த ஐசியால் மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் காலான கேட்டை மேலே தள்ள முடிகிறது, ஆனால் வேகமாகக் கீழே இழுக்க முடியவில்லை. கேட்டில் சேர்ந்த மின்னூட்டம் ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சாவகாசமாக வடிய, மாஸ்ஃபெட் பாதி திறந்த நிலையிலேயே நின்று சூட்டைக் குடிக்கிறது. கேட்டை இறக்குவதற்கென்றே ஒரு பிஎன்பி ட்ரான்சிஸ்டரைச் சேர்த்தேன். மாஸ்ஃபெட் குளிர்ந்தது.

ஆனால் மின்னழுத்தம் இன்னும் ஏறவில்லை. அப்போதுதான் டையோடில் கை பட்டது. கொப்புளம் வராத குறை. கையில் இருந்ததே என்று 1என்4007 போட்டிருந்தேன். ஆயிரம் வோல்ட் தாங்கும், அதனால் போதும் என்று நினைத்திருந்தேன். அது 50, 60 ஹெர்ட்ஸுக்கான டையோடு. விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் இடத்தில் அது மூட எடுத்துக்கொள்ளும் சில மைக்ரோவிநாடிகளே அதிகம். அதற்குள் கெபாசிட்டரில் சேர்த்த மின்னூட்டம் பின்பக்கமாகத் திரும்பி ஓடிவிடுகிறது. யூஎஃப்4004 வகை 50 நானோவிநாடியில் மூடிவிடும். மாற்றியதும் நான்கு குழாய்களோடும் 180 அசையாமல் நின்றது. 12 வோல்ட் பக்கம் இழுப்பது சுமார் 200 மில்லியாம்பியர்.

அந்த மகிழ்ச்சியில் அடாப்டரைப் பிடுங்கிய கையோடு பலகையைத் திருப்பினேன். நல்ல அடி. காரணம் கெபாசிட்டர்தான். பிரிப்பான் ரெசிஸ்டர்கள் வழியாக அது வடிய ஏழெட்டு விநாடி ஆகிறது. இப்போது அதற்கு இணையாக 220 கிலோஓம் போட்டிருக்கிறேன், இரண்டு விநாடியில் 20 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். இருந்தும் மீட்டரை வைத்துப் பார்க்காமல் தொடுவதில்லை. அளக்கும்போது இடது கை முதுகுக்குப் பின்னால்.

அடுத்து, குழாயில் ஓடும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஆனோடு ரெசிஸ்டர். பயத்தில் முதலில் 47 கிலோஓம் போட்டேன். 8இன் மேல் வட்டம் மட்டும் எரிந்தது, கீழ்ப்பாதி இருட்டு. மின்னோட்டம் போதவில்லை என்றால் ஒளி கேத்தோடு முழுக்கப் பரவாது. குழாய் எரியத் தொடங்கியதும் அதன் குறுக்கே ஏறத்தாழ 140 வோல்ட்தான் நிற்கும். மீதி 40 ரெசிஸ்டருக்கு. இந்தக் குழாய்க்குத் தேவை 2.5 மில்லியாம்பியர் அளவு, ஆகவே 16 கிலோஓம். நான் 18 கிலோஓமில் நிறுத்திக்கொண்டேன். அளந்தால் 2.2 மில்லியாம்பியர். இலக்கம் முழுசாக எரிகிறது, குழாய்க்கும் ஆயுள்.

இலக்கங்களைத் தேர்ந்தெடுக்க கே155ஐடி1, அதாவது 74141இன் சோவியத் நகல். வெறும் 60 வோல்ட் தாங்கும் ஐசி 180 வோல்ட்டை எப்படிச் சமாளிக்கிறது என்பது எனக்கு வெகுநாள் புதிர். எரியாத கேத்தோடுகளை அது 60 வோல்ட் அளவில் கட்டிப் பிடித்துவைக்கிறது. ஆனோடு 140இல் நிற்க, நடுவில் மிஞ்சும் 80 வோல்ட் புதிதாக எதையும் பற்றவைக்கப் போதாது. அவ்வளவுதான். வாயுவின் பிடிவாதத்தை நம்பி எழுதிய கணக்கு.

சுற்றெல்லாம் முடித்து 0, 1, 2 என்று வரிசையாக அனுப்பினேன். வந்தது 0, 1, 8, 9, 2, 3. அப்புறம் 6க்கும் 7க்கும் உருப்படியாக எதுவும் வரவில்லை. 8 அனுப்பினால் 4, 9 அனுப்பினால் 5. குழாயின் சாக்கெட்டைச் சந்தேகித்து நான்கு முறை சோதித்தேன். கடைசியில் ஒரு தாளில் இரும எண்களாக எழுதிப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. 2 என்ற பிட் 8க்குப் போகிறது, 4 என்பது 2க்கு, 8 என்பது 4க்கு. உள்ளீட்டுக் கால்கள் 3, 4, 6, 7 என்பதால் ஏ, பி, சி, டி (1, 2, 4, 8க்கான பிட்கள்) அதே வரிசையில் இருக்கும் என்று நானாக எடுத்துக்கொண்டேன். உண்மையில் ஏ 3ஆம் கால், பி 6, சி 7, டி 4. மின்சாரமும் மூலைக் கால்களில் இல்லை, 5இலும் 12இலும். மூன்று ஒயர்களை மாற்றினேன், எல்லாம் சரியானது.

இலக்கங்களை ஐசிகளுக்கு அனுப்ப இரண்டு 74எச்சி595 (ஷிஃப்ட் ரெஜிஸ்டர்), நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகார ஐசி. இதில் சொல்ல ஒன்றுமில்லை, முதல் முறையே ஓடியது. மல்டிபிளெக்ஸ் செய்து, அதாவது குழாய்களை ஒவ்வொன்றாக வேகமாக மாறி மாறி எரியவிட்டு, ஐசிகளைக் குறைத்திருக்கலாம்தான். ஆனால் வாயு அணைய நேரம் கொடுக்காவிட்டால் முந்தைய இலக்கம் பேய் மாதிரி நிழலாடும். நான்கு குழாய்க்கு நான்கு ஐசி, நிம்மதி.

ஒரு வேடிக்கை: இரவில் விளக்கணைத்த அறையில் மின்சாரம் கொடுத்தால் ஒரு குழாய் சற்றுத் தாமதித்துத்தான் விழிக்கும். முதல் எலக்ட்ரானைக் கிளப்பிவிட வெளிச்சமும் உதவுகிறது. டார்ச் அடித்தால் உடனே எழுந்துவிடும்.

இப்போதைய கவலை மணியின் பத்தாம் இடக் குழாய். அங்கே 0, 1, 2 மட்டும்தான் எரியும். எரியாமலே கிடக்கும் கேத்தோடுகள் மேல், எரிபவற்றிலிருந்து தெறிக்கும் உலோகத்துகள் படிந்து, பிறகு அவை திட்டுத் திட்டாகத்தான் ஒளிரும். ஏற்கெனவே அந்தக் குழாயின் 3இல் வால் பக்கம் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது, எனக்கு முன் வைத்திருந்தவர் உபயம். தினமும் அதிகாலை மூன்று மணிக்குப் பத்து நிமிடம் எல்லா இலக்கங்களையும் சுழல விடுகிறேன். இரண்டு வாரமாகிறது. நேற்று பார்த்தபோது திட்டு கொஞ்சம் சுருங்கியிருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. ஒரே வெளிச்சத்தில் வாரம் ஒரு படம் எடுத்து வைக்கிறேன்.