தாடை உடைந்தால் முதலில் பார்ப்பது பல் கடியை

பைக்கிலிருந்து விழுந்து எழுந்ததும் வாயை மூடிப் பார்த்தேன். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேரவில்லை. ஹெல்மெட் போட்டிருந்தேன், ஆனால் முகவாயை மூடாத வகை. சி.டி. ஸ்கேனில் கீழ்த்தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது: அடிபட்ட வலப்பக்க முகவாயில் ஒன்று, அடியே படாத இடது காதுக்கு முன்னால் மூட்டருகில் இன்னொன்று. முகவாயில் இடித்தால் இப்படி எதிர்ப்பக்கமும் உடைவது சகஜம் என்றார் டாக்டர்.

முதலில் ‘ஆர்ச் பார்’ கட்டினார்கள். கொக்கி வைத்த உலோகப் பட்டையை ஈறோரமாக வளைத்து, பல்லைச் சுற்றி மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டுவது. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள். ஆனாலும் மொத்த சிகிச்சையிலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது இதுதான். கம்பி முனை குத்தி உதடெல்லாம் புண். மெழுகு உருட்டி ஒட்டிக்கொண்ட பிறகு பரவாயில்லை.

அறுவைக்கு மயக்கம் கொடுத்து மூக்கு வழியாகச் சுவாசக் குழாய் போட்டார்கள். வாயில் குழாய் இருந்தால் பல்லைச் சேர்க்க முடியாதே! பற்களைப் பழைய கடிக்கு, அதாவது மேலும் கீழும் முன்போலச் சேரும்படி, கொண்டுவந்து பூட்டிவிட்டு, அப்புறம்தான் எலும்பில் பிளேட் வைக்கிறார்கள். கீறல் உதட்டுக்கு உள்பக்கம்; வெளியே தழும்பே இல்லை. டைட்டானியம் பிளேட் இரண்டு, ஒன்றின் கீழ் ஒன்று. முன்தாடை முறுக்கிக்கொள்ளும், அங்கே ஒன்று போதாதாம். பிளேட் எங்கே வைக்க வேண்டும் என்ற இந்தக் கணக்கை 1970களில் வகுத்தவர் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஷாம்பி. ஸ்க்ரூ 2 மி.மீ. தடிமன்தான். துளை போடும்போது சலைன் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சூடேறினால் எலும்பு செத்து ஸ்க்ரூ தளர்ந்துவிடும்.

மூட்டுப்பக்க முறிவைத் திறக்கவில்லை. அதற்காக, ஆர்ச் பார் கொக்கிகளில் ரப்பர் மாட்டி இரண்டு வாரம் வாய்ப்பூட்டு. வடிகட்டிய கஞ்சி, ராகிக்கூழ், பருப்புத் தண்ணீர், எல்லாம் சிரிஞ்சில். தலைமாட்டில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல். வாந்தி வந்தால் அந்த நொடியே ரப்பரை வெட்ட வேண்டும், இல்லையென்றால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இதை வீட்டில் எல்லோருக்கும் செய்து காட்டச் சொல்லுங்கள். என் மனைவி இரண்டு முறை செய்து பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பூட்டை எடுத்ததும் வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சி கூட்டினேன். மூன்று விரல் நுழைய ஆறு வாரம் ஆனது. முறிவுக்குப் பக்கத்திலேயே நரம்பு ஓடுவதால் கீழுதடு மரத்தே கிடந்தது. நாலாம் மாதம் ஒரு காலை சவரம் செய்யும்போது தண்ணீரின் குளிர்ச்சி அங்கே உறைத்தது.